முகத்தைப் பார்த்தா வேலை? ராய்பல் எழுப்பிய கேள்வி

அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவனுக்கு வேலை கொடுக்கக்கூடாது. கொடுத்தால் முதலாளிக்கு அபராதம். இப்படி ஒரு சட்டம் வந்தால் யாருக்கு நஷ்டம்? கள்ளத்தனமாக வந்தவனுக்குத்தான். ஒழுங்காக இருப்பவனுக்கு என்ன பயம்? இப்படித்தான் பலரும் கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் ஒழுங்காக இருப்பவனுக்கும் அதில் ஆபத்து உண்டு என்று அமெரிக்காவில் ஒருவர் விடாமல் சொல்லி வந்தார். அவர் பெயர் எட்வர்டு ராய்பல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து 1962-ம் ஆண்டு அமெரிக்க பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1993-ம் ஆண்டு ஜனவரி வரை 30 ஆண்டுகள் தொடர்ந்து மெம்பராக இருந்தார். 2005-ல் காலமானார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. நடந்ததைக் கணக்கெடுத்துச் சொன்னது அவருடைய கட்சி அல்ல. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அலுவலகம். சொந்த ஊரை விட்டு வெளியூரில் பிழைக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரெயில்வே தொழிலாளி மகன்

ராய்பல் 1916-ம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர்கள் பல தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். ரெயில்வே வேலைநிறுத்தத்தில் தகப்பனாருக்கு வேலை போயிற்று. பிழைப்பைத் தேடிக் குடும்பம் லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தது. பாயில் ஹைட்ஸ் என்ற பகுதியில் குடியேறினார்கள். மெக்சிகோக்காரர்கள், யூதர்கள், ஜப்பானியர்கள் எல்லாம் கலந்து வாழ்ந்த ஏழைகளின் பேட்டை அது.

அந்த நகரத்தில் அவருடைய இளமைக் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை நினைவில் வைக்கவேண்டும். 1930-களில் வேலை இல்லாத் திண்டாட்டம் வந்தபோது, மெக்சிகோ வம்சாவளியினரை ரெயிலில் ஏற்றி மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். இதற்காக கலிபோர்னியா மாநிலம் 2005-ம் ஆண்டு சட்டம் இயற்றி மன்னிப்பு கேட்டது. அடுத்து 1942-ல், ஜப்பானிய வம்சத்தினர் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். இதற்கு அமெரிக்க அரசு 1988-ல் மன்னிப்பு கேட்டு நஷ்டஈடும் கொடுத்தது.

இரண்டு தடவையும் பிரஜையா, இல்லையா என்று நிதானமாக விசாரித்துப் பிரிக்கவில்லை. வம்சத்தைப் பார்த்தார்கள், பிடித்தார்கள்.

ராய்பல் ராணுவத்தில் சேவை செய்தார். காசநோய் ஒழிப்பு சங்கத்தில் சுகாதாரப் பணியாளராக இருந்தார். 1949-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபைக்கு ஜெயித்தார். மெக்சிகோ வம்சத்தைச் சேர்ந்த ஒருவர் அந்த சபையில் நுழைந்தது 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு அதுவே முதல் தடவை. முதல் நாளே சபையில் அவரை "மெக்சிகன்" என்று அறிமுகப்படுத்தினார்கள். தாம் அமெரிக்கர் என்பதை அவர் அந்த இடத்திலேயே எழுந்து திருத்த வேண்டியிருந்தது. மறுவருடம், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் போலீசில் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று நகரசபை சட்டம் கொண்டு வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவரே.

மசோதா வந்தது

1982-ம் ஆண்டு செனட் மெம்பர் ஆலன் சிம்சனும், பிரதிநிதிகள் சபை மெம்பர் ரொமானோ மசோலியும் குடியேற்ற மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. மசோதாவில் இரண்டு முக்கிய அம்சங்கள் இருந்தன. ஏற்கனவே பல வருடங்களாக உள்ளே இருப்பவர்களுக்கு மன்னிப்பு கொடுத்து அனுமதி வழங்குவது ஒன்று. இனிமேல் அனுமதி இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிக்கு அபராதம் போடுவது இன்னொன்று.

முதல் அம்சத்தை ராய்பல் எதிர்க்கவில்லை. இரண்டாவதைத்தான் கடைசிவரை எதிர்த்தார்.

அவருடைய வாதம் எளிமையானது. முதலாளி குடியேற்ற அதிகாரி அல்ல. எது அசல் கார்டு, எது போலி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. அபராதத்துக்குப் பயப்படுகிற முதலாளி என்ன செய்வார்? வாசலில் நிற்கிற ஆளின் நிறத்தைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார், பெயரைக் கேட்பார். சந்தேகம் வந்தால் "வேலை காலி இல்லை" என்று சொல்லிவிடுவார். அப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவன் அந்த நாட்டில் பிறந்த பிரஜையாகவும் இருக்கலாம். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவனுக்குத் தெரியப்போவதும் இல்லை.

இந்தச் சோதனைக்காக நாடு முழுவதும் அடையாள அட்டை கொண்டு வருவதையும் அவர் எதிர்த்தார். அட்டை எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் "அட்டையைக் காட்டு" என்று எல்லோரையும் கேட்கமாட்டார்கள், சிலரை மட்டும்தான் கேட்பார்கள் என்பதே அவருடைய கவலை.

எதிர்த்தரப்பு நியாயம்

மறுபக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்க அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. அனுமதி இல்லாத தொழிலாளிக்கு அரைக்கூலி கொடுத்தாலும் அவன் வாய் திறக்கமாட்டான். அவனைக் காட்டி உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைப்பார்கள். இந்தக் காரணத்தால்தான் அமெரிக்காவின் மிகப்பெரிய தொழிற்சங்க சம்மேளனமே அபராதச் சட்டத்தை அப்போது ஆதரித்தது.

கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பார்பரா ஜோர்டனும் பின்னாளில், 1990-களில் குடியேற்ற சீர்திருத்த கமிஷன் தலைவராக இருந்தபோது, வேலைக்கு வருகிறவர்களை கம்ப்யூட்டர் மூலம் சரிபார்க்கும் முறை வேண்டும் என்றார். இத்தனைக்கும் 1975-ல், ஆங்கிலம் தெரியாத வாக்காளர்களுக்கு அவரவர் மொழியில் உதவி தேவை என்று ஓட்டுரிமைச் சட்டத்தைத் திருத்தும்போது ஜோர்டனும் ராய்பலும் ஒரே பக்கம் நின்றவர்கள்.

ராய்பல் வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1984-ல் மாற்று மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் சாரம் இதுதான்: குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், தொழிலாளர் பாதுகாப்பு ஆகிய சட்டங்களை முதலில் ஒழுங்காக அமுல் நடத்துங்கள். யாராக இருந்தாலும் முழுக்கூலி கொடுத்தே தீரவேண்டும் என்றால், அனுமதி இல்லாதவனைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைக்க முதலாளிக்கு ஆசை ஏன் வரும்?

இந்த மாற்று யோசனைதான் முக்கியமானது. முதலாளியைப் போலீஸ்காரராக ஆக்குவது ஒரு வழி. முதலாளியிடம் முதலாளிக்குரிய கடமையைக் கேட்பது மற்றொரு வழி.

சட்டம் நிறைவேறியது

நான்கு ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1983 அக்டோபரில், இந்த எதிர்ப்பைக் காரணம் காட்டி மசோதாவை சபைக்குக் கொண்டுவர சபாநாயகர் ஓ'நீல் மறுத்தார். 1984 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 211 என்று ஐந்தே ஓட்டில் ஜெயித்தது. ஆனால் இரு சபைகளுக்கும் உடன்பாடு ஏற்படாமல் மடிந்தது. கடைசியில் 1986 நவம்பர் 6-ந்தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டார். ராய்பல் கடைசி ஓட்டெடுப்பிலும் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். அவருடைய சமூகத்து மெம்பர்களே அன்று இரண்டாகப் பிரிந்தார்கள். மன்னிப்பு கிடைக்கிறதே என்று சிலர் ஆதரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுமார் 27 லட்சம் பேருக்கு அந்தச் சட்டத்தால் அனுமதி கிடைத்தது.

எதிர்ப்பு வீண் போகவும் இல்லை. பாரபட்சம் காட்டினால் தண்டனை என்ற பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

தணிக்கை சொன்ன கணக்கு

மூன்றாவது அறிக்கை 1990 மார்ச்சில் வந்தது. 46 லட்சம் முதலாளிகளுக்குப் பொருந்தும் கணக்கு அது. அவர்களில் 4 லட்சத்து 61 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்குப் பத்துப் பேர், இந்தச் சட்டம் வந்தபிறகு வெளிநாட்டுத் தோற்றத்தையோ பேச்சு வாடையையோ பார்த்துப் பாரபட்சம் காட்டத் தொடங்கினார்கள். அந்நாட்டில் பிறந்தவர்களை மட்டுமே எடுப்பது போன்ற பழக்கங்களையும் சேர்த்தால் நூற்றுக்குப் பத்தொன்பது பேர்.

சிகாகோ, சான் டியாகோ நகரங்களில் ஒரு சோதனையும் நடத்தினார்கள். ஒரே தகுதியுள்ள இரண்டு பேரை ஒரே வேலைக்கு அனுப்பினார்கள். ஒருவர் வெள்ளையர். மற்றவர் ஸ்பானிய வாடையுடன் ஆங்கிலம் பேசுகிறவர். வெள்ளையர்களுக்கு 52 சதவிகிதம் அதிகமாக வேலை கிடைத்தது. இது முழுவதும் அந்தச் சட்டத்தால் வந்த வினை என்று சொல்ல முடியாது. ஏற்கனவே இருந்த வெறுப்பும் அதில் உண்டு. ஆனால் அந்த வெறுப்புக்கு, "சட்டத்துக்குப் பயந்துதான் செய்தேன்" என்ற நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

1991-ல் செனட் மெம்பர்கள் ஹேட்ச், கென்னடி ஆகியோர் அபராதப் பிரிவை நீக்க முயன்றார்கள். முடியவில்லை.

சரி, நினைத்த காரியமாவது நடந்ததா? அதுவும் இல்லை. 2007-ம் ஆண்டுவாக்கில் அனுமதி இல்லாமல் அமெரிக்காவில் இருந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். போலிக் கார்டு வியாபாரம் செழித்தது. சங்கம் சேர்க்க முயலும் தொழிலாளியிடம் "உன் கார்டைக் காட்டு" என்று மிரட்டவும் அந்தச் சட்டம் கைகொடுத்தது. 2002-ல் ஒரு வழக்கில், சங்கம் சேர்க்க முயன்றதால் சட்டவிரோதமாக நீக்கப்பட்ட தொழிலாளிக்கு, அனுமதி இல்லாதவர் என்பதால் நீக்கத்துக்குப் பிந்தைய சம்பளம் கிடையாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2000-ல், தொழிற்சங்க சம்மேளனம் தன் நிலையை மாற்றிக்கொண்டு அபராதப் பிரிவை நீக்கச் சொன்னது. ராய்பல் 1982-ல் நின்ற இடத்துக்கு அது வந்து சேர 18 ஆண்டுகள் ஆயின.

அவர் பெயர் தாங்கிய கட்டிடம்

லாஸ் ஏஞ்சல்சில் மத்திய அரசுக் கட்டிடம் ஒன்றுக்கு ராய்பல் பெயரை வைத்திருக்கிறார்கள். 2025 ஜூன் மாதம் அந்த நகரத்தில் குடியேற்ற அதிகாரிகள் பெரிய அளவில் சோதனை நடத்தினார்கள். எதிர்த்துக் கூட்டம் திரண்டது. ராய்பல் பெயர் தாங்கிய அதே கட்டிடத்தின் முன்னால் துருப்புகள் துப்பாக்கியுடன் காவல் நின்றார்கள். இனம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் தொழில் இவற்றை மட்டும் வைத்து ஆட்களைப் பிடிக்கக்கூடாது என்று ஜூலையில் கீழ்க்கோர்ட்டு தடை போட்டது. செப்டம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. முன்பு முதலாளி முகத்தைப் பார்ப்பாரோ என்பதுதான் பயம். இப்போது அதிகாரியே பார்ப்பதைப் பற்றி வழக்கு.

நமக்கு என்ன?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1966-ல் பம்பாயில் ஆபீஸ்களில் உள்ள தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு ஒரு பத்திரிகை வெளியிட்டது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எந்த எல்லையையும் தாண்டி வந்தவர்கள் அல்ல. இந்தியாவில் எங்கும் போகவும், எங்கும் குடியிருக்கவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை தந்திருக்கிறது. ஆனாலும் பெயரே குற்றமாயிற்று. அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு அது மறந்திருக்காது.

2025-ல் மராட்டியத்தில் வேலை பார்த்த மேற்கு வங்காளத் தொழிலாளர்கள் சிலரை, வங்காளதேசத்தினர் என்று சந்தேகித்துப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அவர்கள் இந்தியர்களே என்று மேற்கு வங்காள அரசு எடுத்துக்காட்டிய பிறகு திரும்பக் கொண்டு வந்தார்கள். எல்லையின் இருபுறமும் ஒரே மொழி பேசுகிறவர்கள் வாழும்போது மொழி எப்படி ஆதாரம் ஆகும்?

கள்ளத்தனமாக எல்லை தாண்டி வருவதைத் தடுக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ராய்பலும் அப்படிச் சொல்லவில்லை. தடுக்கிற வேலையை முறையாக விசாரிக்கத் தெரிந்தவர்கள், முறையாக விசாரித்துச் செய்யவேண்டும். கூலிச் சட்டத்தை யாருக்கும் சலுகை இல்லாமல் அமுல் நடத்தவேண்டும். இந்த இரண்டும் கஷ்டமான வேலைகள். அதனால்தான் எந்த நாட்டிலும் சர்க்கார் சுலபமான மூன்றாவது வழியைத் தேடுகிறது.

"அன்னியரை வெளியேற்றுவோம்" என்று மேடையில் பேசுகிற எந்தச் சட்டசபை மெம்பரிடமும், எந்தப் பாராளுமன்ற மெம்பரிடமும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். சோதனை செய்யப்போவது யார்? எதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்? தவறான ஆளைப் பிடித்தால் அவனுடைய வேலைக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் பேசட்டும். பதில் இல்லாதவர் கொண்டு வரும் சட்டத்துக்கு ஓட்டுப் போடுவதற்கு முன்னால், 1990-ம் ஆண்டு வந்த அந்தத் தணிக்கை அறிக்கையை ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும்.