முட்டுக்காட்டோடு முடிகிறதா படகுப் பயணம்?

ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வார லீவு வந்தால் முட்டுக்காடுதான். அரை மணி நேரம் போட்டிங், அவ்வளவுதான். ஆனால், அங்கே சேரும் பக்கிங்ஹாம் கால்வாய், மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் தாண்டி மரக்காணம் வரை போகிறது!

1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1877-78 பஞ்சத்தில், நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இந்தக் கால்வாயில் படகில் போன அனுபவம்தான். பஞ்சத்தில் வெட்டிய அதே இடத்தில் இன்று பறக்கும் ரயில் தூண்கள். அங்கே படகை மறந்துவிடலாம்.

தெற்கே அப்படியில்லை. 2008-ல் தேசிய நீர்வழி-4 அறிவிப்பு வந்தது. அது முழுசாகச் சரியாகும்வரை காத்திருக்கணுமா என்ன? முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை வரை மட்டும் தூர்வாரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு படகு விட்டுப் பார்க்கட்டும்.