ஃபிஜி சங்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஃபிஜித் தீவுகளில் தென்னிந்தியர் வழிவந்தவர்கள் நடத்தும் ‘தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ 1926இல் நாந்தி நகரில் பிறந்தது. நூறாண்டைத் தொட்டுவிட்ட இந்த அமைப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி, அங்கே இன்னும் தமிழ் பேசுகிறார்களா என்பதுதான். பெரும்பாலும் இல்லை, வீட்டில் ஃபிஜி இந்தியும் வெளியில் ஆங்கிலமும்தான் என்று தெரிந்ததும் அக்கறை வடிந்துவிடுகிறது. கவுண்டர், பிள்ளை, நாயர், நாயுடு, ரெட்டி என்று பெயர்கள் மட்டும் மிச்சம், முருகன் கோயிலும் மாரியம்மன் தீமிதியும் மிச்சம், அவ்வளவுதானே என்று பேச்சு முடிகிறது. இந்த அளவுகோல் தவறானது என்பதே என் வாதம். சங்கம் முதன்மையாக ஒரு கல்வித் தொண்டு அமைப்பு. இருபதுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளும் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளும் அதன் பெயரில் இயங்குகின்றன. வடக்கே லம்பாசாவில் ஒரு செவிலியர் கல்லூரியையும் அது நிறுவியது. சுமார் ஒன்பது லட்சம் பேரே உள்ள ஒரு நாட்டில், அந்த மக்கள்தொகையிலும் சிறுபான்மைக்குள் சிறுபான்மையான ஒரு கூட்டம் செய்த வேலை இது.

தொடக்கம் எங்கிருந்து என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஃபிஜிக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1903இலிருந்துதான் சென்னைத் துறைமுகம் வழியாக ஆள் போகத் தொடங்கியது. அப்படிப் போனவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். வட ஆர்க்காடு, தஞ்சாவூர், கோயம்புத்தூர் மட்டுமல்ல, கோதாவரி, விசாகப்பட்டினம், மலபார் பகுதிகளிலிருந்தும் போனார்கள். அவர்கள் போய் இறங்கியபோது ஆஸ்திரேலிய சர்க்கரைக் கம்பெனியின் தோட்டங்களில் வடஇந்தியர் ஊன்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. சர்தார் என்ற கங்காணி வேலை ஏவியது இந்தியில். கடைத்தெருப் பேச்சும் இந்தி. பாரதியின் பாட்டு வழியே அந்தக் கரும்புக் காட்டின் கண்ணீர் நமக்குத் தெரியும்; அதற்குப் பிறகு அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1920இல் ஒப்பந்தங்கள் ரத்தாயின. ஆறே ஆண்டுகளில், தாமே ஒப்பந்தக் கூலியாக வந்தவரான சாது குப்புசாமி சங்கத்தை நிறுவினார். பின்னாளில் ராமகிருஷ்ண மடத்தின் துறவிகளும் துணைக்கு வந்தார்கள்: 1937இல் சுவாமி அவினாசானந்தர், 1939இல் சுவாமி ருத்ரானந்தர்.

கரும்பு முதலாளிக்குப் படித்த கூலி தேவைப்படவில்லை. காலனி அரசுக்கும் இந்தியக் குழந்தைகளின் படிப்பில் அவசரம் எதுவும் இல்லை. யாராவது கட்டடம் எழுப்பி, பிள்ளைகளைச் சேர்த்துக் காட்டினால் உதவித்தொகை தரலாம் என்பதே அரசின் போக்காக இருந்தது. கஞ்சத்தனத்தில் பிறந்த இந்த ஏற்பாடே பிற்காலத்தில் ஒரு நல்ல முறையாக உருவெடுத்தது வரலாற்றின் வேடிக்கை. இன்றும் ஃபிஜியில் அரசே சொந்தமாக நடத்தும் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை ஊர்க் குழுக்கள், கிறித்தவ சபைகள், ஆரிய சமாஜம், சனாதன தர்ம சபை, முஸ்லிம் லீக், சங்கம் போன்றவற்றின் பொறுப்பில் இருக்கின்றன. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. நிலம், கட்டடம், நிர்வாகம் ஆகியவை குழுவின் தலையில். வெளிநாட்டுப் பணத்தை நம்பித் தொடங்கும் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் கட்டடம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டி, மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் போய்விடுகின்றன. அதன் பிறகு ஆசிரியருக்கு யார் சம்பளம் தருவது என்ற கேள்வியில் பள்ளி நொடித்துப்போகிறது. சங்கத்தின் பள்ளிகள் அந்தக் கதிக்கு ஆளாகாததற்குக் காரணம், மாதாமாதம் வரும் பெருஞ்செலவு அரசிடமும், விட்டுப் போக முடியாத பொறுப்பு உள்ளூர்க்காரரிடமும் இருப்பதுதான். குழுவில் இருப்பவரின் பேரப்பிள்ளை அந்தப் பள்ளியில்தான் படிக்கிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு ராக்கிராக்கி என்ற கரும்பு வட்டாரமே சான்று. 1997இலிருந்து கரும்பு நிலங்களின் முப்பதாண்டுக் குத்தகைகள் காலாவதியாகத் தொடங்கின. குத்தகை புதுப்பிக்கப்படாத குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. சர்க்கரைக்கு ஐரோப்பா தந்துவந்த சலுகை விலையும் போயிற்று. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் தாக்கி நாடெங்கும் 44 பேரைப் பலிகொண்டது. அதில் சேதமான ராக்கிராக்கியின் பெனாங் சர்க்கரை ஆலை மறுபடி திறக்கப்படவில்லை. ஆலை மூடிய அந்த ஊரில் சங்கத்தின் உயர்நிலைப் பள்ளி நிலைத்துவிட்டது. சர்க்கரைக் கம்பெனியின் பிள்ளைகளாகப் பிறந்த ஊர்களில் கம்பெனியைவிடப் பள்ளிக்கு ஆயுள் கெட்டியாக இருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மொழியைக் காப்பதும் சங்கத்தின் நோக்கங்களில் ஒன்றுதானே, அதில் தோற்றுவிட்டதே என்பது முதலாவது. உண்மை, மழுப்ப வேண்டியதில்லை. தமிழும் தெலுங்கும் அந்தப் பள்ளிகளில் சொல்லித்தரப்பட்டன, நிலைக்கவில்லை. ஆனால் எதனால்? எண்ணிக்கையில் குறைந்த, நான்கு மொழி பேசும் தென்னிந்தியருக்குள்ளேயே பொதுமொழி இல்லை. 1941இல் தெலுங்கர்கள் தனியாக ஆந்திர சங்கம் கண்டார்கள். தேர்வும் வேலையும் ஆங்கிலத்தில், அண்டை வீட்டுப் பேச்சு இந்தியில். இத்தனைக்கும் எதிராக ஒரு தொண்டு அமைப்பு ஒரு மொழியை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தால், குழந்தைகள் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள், அல்லது கரும்பு வெட்டவே போயிருப்பார்கள். மொழி போனது இழப்புதான். அந்த இழப்பைக் காட்டிப் பள்ளிகளைக் குறைத்து மதிப்பது நியாயமில்லை.

சாதி, இனம், மதம் சார்ந்து பள்ளி நடத்துவது நாட்டைக் கூறுபோடாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. 1987இலும் 2000இலும் இனப் பகையைக் கிளறிய ஆட்சிக்கவிழ்ப்புகளைக் கண்ட நாட்டில் அதைத் தள்ளிவிட முடியாது. காலனி ஆட்சி ஐரோப்பியர், பூர்வகுடி ஃபிஜியர், இந்தியர் என்று பள்ளிகளைப் பிரித்தே வைத்திருந்தது. சங்கமும் அந்தப் பிரிவினைக்குள் பிறந்ததுதான். ஆனால் சங்கப் பள்ளிகளின் கதவு எல்லா இனத்தாருக்கும் திறந்திருக்கிறது. 1986இல் நாட்டின் ஏறத்தாழ பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் 2007 கணக்கெடுப்பில் 37 சதவீதமளவுக்குச் சுருங்கினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பெஞ்சுகளில் இன்று பூர்வகுடிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். தன் இனத்தாரின் எண்ணிக்கை சரிந்ததும் கடையைக் கட்டாமல், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் அமைப்பைப் பிரிவினை அமைப்பு என்பது எனக்கு ஒப்பவில்லை.

படித்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பறந்துவிடுகிறார்களே என்பார்கள். ஆசிரியர்களும் செவிலியர்களும் போவது ஃபிஜிக்கு உண்மையான தலைவலி. மருத்துவமனைகள் ஆள் இல்லாமல் திண்டாடுகின்றன. சம்பளத்தையும் பணிச்சூழலையும் திருத்த வேண்டியது அரசு. பயிற்சியைக் குறைத்தால் இருப்பவரும் இல்லாமல் போவார்கள். சங்கம் செவிலியர் கல்லூரியைத் தலைநகர் சுவாவில் வைக்காமல், கடல் கடந்து வனுவா லெவு தீவின் லம்பாசாவில் வைத்ததை இங்கே பாராட்ட வேண்டும். வட்டாரத்துப் பிள்ளைகளை வட்டாரத்திலேயே பயிற்றுவித்தால், எல்லாரும் இல்லாவிட்டாலும் சிலர் அங்கேயே தங்குவார்கள்.

நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து சிலைகளும் மேடைப் பேச்சாளர்களும் கப்பலேறக்கூடும். பேச்சாளர்கள் போகட்டும், ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் சங்க மாநாட்டில் கால்பந்தாட்டத்துக்கு நடுவே அவர்களைக் கேட்கவும் ஆள் இருக்கும். ஆனால் அந்த மக்களுக்கு உதவ நினைக்கும் தமிழ் அமைப்புகளும் தமிழக அரசும் முதலில் சங்கத்திடம் கேட்க வேண்டியது, எந்தப் பள்ளிக்குப் புயல் தாங்கும் கூரை வேண்டும், செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத மாணவிகள் எத்தனை பேர், கற்பிக்கும் செவிலியர்களை நம் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து சில மாதங்களுக்கு அனுப்ப முடியுமா என்பதை. அந்த உதவி பெறும் மாணவி பூர்வகுடிப் பெண்ணாக இருந்தாலும் தயங்காமல் கொடுங்கள்.