ஞாயிறு சர்ச், திங்கள் தாலுகா ஆபீஸ்: ஒருவருக்கு ஏன் இரண்டு பெயர்?

அரக்கோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், குறிப்பாகக் காலனிப் பகுதிகளில், ஞாயிறு காலை என்றால் எங்கோ ஒரு ஸ்பீக்கரில் பாட்டுச் சத்தம் கேட்கும். சின்ன ஆலயம், தரையில் விரித்த பாய், பின்வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரும் பாட்டிகள். வாரம் முழுக்க காலை ரயிலைப் பிடித்து சென்னைக்கு வேலைக்கு ஓடுகிற பையன் அன்றைக்கு கீபோர்டு வாசிப்பான். சபையில் அவன் பெயர் சாமுவேல் என்று வைத்துக்கொள்வோம். டிசியில், ஆதாரில், சாதிச் சான்றிதழில் அவன் பெயர் வேறு.

சோஷியல் மீடியாவில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கிரிப்டோ கிறிஸ்தவர்'. ஏமாற்றுக்காரர் என்று அர்த்தம். ஆனால், அந்த இரண்டாவது பெயரை உருவாக்கியது பையனா, சட்டமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஒரு பாராவில் முடிந்த கதை

1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் 3-வது பத்தி, இந்து மதத்தைப் பின்பற்றாத யாரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். பரம்பரையாகத் தீண்டாமையை அனுபவித்த ஒரு குடும்பம் ஞானஸ்நானம் எடுத்தால், சட்டத்தின் கண்ணில் அவர்களுடைய சாதி அன்றே காணாமல் போய்விடும்.

தமிழ்நாட்டில் அவர்கள் போய்ச் சேரும் இடம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். 18 சதவீத எஸ்.சி. ஒதுக்கீட்டிலிருந்து விலகி, 26.5 சதவீத பி.சி. ஒதுக்கீட்டில், தலைமுறைகளாக நிலமும் படிப்பும் உள்ள சமூகங்களோடு போட்டி போட வேண்டும். மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. யு.பி.எஸ்.சி. தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்.சி. மாணவருக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஓ.பி.சி. என்றால் 35 வயது, 9 முறை. அதே தெரு, அதே குடிசை, அதே அப்பா.

எல்லை தாண்டி சித்தூர் பக்கம் போனால் இதே மக்களுக்கு 'பி.சி.-சி' என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஒதுக்கீடு 1 சதவீதம். பக்கத்திலிருக்கும் திருத்தணி 1960 வரை ஆந்திராவில்தான் இருந்தது என்பதை நினைத்தால், ஒரு கோடு மாறியதும் ஒருவரின் சமூகப் பெயரும் மாறுகிற விசித்திரம் புரியும்.

சர்ச்சுக்குள் சாதி இல்லையா?

சட்டத்தின் வாதம் எளிமையானது. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது. எனவே கிறிஸ்தவருக்குத் தீண்டாமையும் கிடையாது. ஏட்டில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

வட ஆற்காடு கிராமங்களுக்கு சபைகள் எப்படி வந்தன? அமெரிக்க ஸ்கடர் குடும்பத்தினர் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் இந்தப் பகுதியில் ஊர் ஊராகப் போனது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரியைச் சேர்ந்தவர்கள். தனி ஆளாக அல்ல, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பள்ளிக்கூடமும் உபதேசியாரும் வந்தார்கள். 1947-ல் அந்தச் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தன. ஆனால், ஆலயம் எழுந்தது சேரியிலேயே. சர்ச்சுக்குப் போகிறவர் ஊர்த் தெரு வழியாக நடந்தால், ஊர் அவரை ஆதிதிராவிடராகத்தான் பார்த்தது. கிறிஸ்தவர் என்பது கூடுதல் தகவல், அவ்வளவுதான்.

சர்ச்சுகளும் இதில் யோக்கியம் இல்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கிறிஸ்தவர்களே அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 175 ஆண்டு கழித்து என்ன நடந்தது? இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையே 2016-ல் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட வேண்டி வந்தது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து எழுத மாட்டார்கள்.

'நிரூபியுங்கள்'

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1985-ன் சூசை வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்தவர் அவர். செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. வெயிலில் உட்கார்ந்து செருப்பு தைப்பதே ஆதாரமாகப் போதவில்லை.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் குழந்தையாக இருந்தபோது நடந்த ஞானஸ்நானமும் ஆதாரங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டவர் அவர். வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது சுப்ரீம் கோர்ட்.

2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியைச் சொல்லித் திட்டி அடித்ததாக ஒரு கிராமத்துப் போதகர் கொடுத்த புகாரில், அவர் பத்தாண்டாகப் போதகராக இருப்பதால் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று வழக்கையே ரத்து செய்தது. ஒதுக்கீட்டை விடுங்கள். திட்டுகிறவன் மதத்தைக் கேட்டுவிட்டா திட்டுகிறான்?

மறுபக்கமும் உண்டு. ராமநாதபுரத்தில் ஒரு பெண் மருத்துவரின் சாதிச் சான்றிதழை, கிளினிக்கில் சிலுவை மாட்டியிருந்ததைக் காட்டி ரத்து செய்தார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்துச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. கணவரோடு சர்ச்சுக்குப் போவதாலேயே ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டதாக ஆகாது என்பது கோர்ட்டின் பார்வை. நல்ல தீர்ப்புதான். ஆனால், "ஆமாம், எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று உண்மையைச் சொல்பவருக்கு இதில் எந்த நிவாரணமும் இல்லை. விசுவாசம் மேலோட்டமாக இருந்தால் சலுகை, ஆழமாக இருந்தால் தண்டனை. நம்பிக்கையின் அளவை அளந்து சொல்லும் வேலையை தாசில்தாரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பங்கு குறையாதா?

எதிர்ப்புக் குரல்களில் ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்த முடியாது. இருக்கிற 18 சதவீதத்திலேயே தலித் கிறிஸ்தவர்களையும் சேர்த்தால், மிஷன் பள்ளியில் படித்தவர்கள் முந்திக்கொள்ள மாட்டார்களா என்று தலித் இந்துக்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால், வழி இருக்கிறது. பட்டியல் சாதிக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டை தமிழ்நாடு 2009-லேயே கொடுத்த மாநிலம். பி.சி. பட்டியலில் இவர்களுக்கு உரிய பங்கைக் கணக்கிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னால் யாருடைய தட்டிலிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. அதற்கு முதலில் கணக்கெடுக்க வேண்டும். கேட்டால் உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போய்விடும் என்கிற நிலையில், எந்தக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை சரியாக வரும்?

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2022-ல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்து 2 ஆண்டு கெடு கொடுத்தது. கெடு முடிந்ததும் நீட்டிப்பு.

இதற்கிடையே சபைப் பதிவேடுகளுக்கு ஒரு புது வேலை வந்துவிட்டது. கேரளத்தின் தேவிகுளம் தனித் தொகுதியில் ஜெயித்த ஏ. ராஜா, தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்தவர். சி.எஸ்.ஐ. ஆலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் கோர்ட்டுக்குப் போயின. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் அவரது வெற்றியைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி எழுதியது. ஒருவழியாகப் பதவி தப்பியது. அதற்குள் தாத்தா பாட்டியின் ஜெபம் வரை விசாரணைக்கு வந்துவிட்டது.

அரக்கோணமும் தனித் தொகுதிதான். அந்தக் கீபோர்டு பையன் ஒருநாள் சொந்த ஊரில் தேர்தலில் நிற்க நினைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அவன் என்ன செய்யப்போகிறான் என்று கேட்க மாட்டார். நேராக ஆயர் வீட்டு பீரோவில் இருக்கும் பதிவேட்டைக் கேட்டு மனு போடுவார்.