துலாவும் அடிமட்டமும்

கோப்பாயின் செம்மண் தோட்டங்களிலே முன்னாளில் துலா மிதித்து நீர் இறைத்த காட்சியை இக்காலப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டிரார். கிணற்றருகே ஆடுகால்; அதிலே அச்சுலக்கை; அதன்மேல் ஏறியிறங்கும் நீண்ட துலா. துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலிலே நீரைக் கவிழ்ப்பார். இயந்திரம் வந்து அவ்வழக்கத்தை ஒழித்தது. மிதித்து மிதித்துப் பாதம் காய்த்துப்போனவர்கள் அதற்காக வருந்தமாட்டார்கள். வருந்தவேண்டியவர் விஞ்ஞான ஆசிரியரே!

ஏனெனில் விசையைப் பற்றிய அருமையான பாடமொன்று அத்துலாவிலே இருந்தது. மிதிப்பவரின் நிறை மாறுவதில்லை. அவர் அச்சுக்கு அருகே நின்றால் நீர் நிறைந்த பட்டை கிணற்றுக்குள்ளேயே கிடக்கும். பின்னே நடக்க நடக்க அது மேலெழும். மாறியது தூரம் ஒன்றே. அச்சுலக்கை இருக்குமிடந்தான் பாடநூல் கூறும் பொறுதி.

பிள்ளைகளே, இதனை வீட்டிலே செய்துபாருங்கள். ஓரடி நீளமான அடிமட்டத்தை ஆறாம் அங்குலக் குறியிலே ஒரு பென்சிலின்மேல் சமனாக வையுங்கள். பென்சில் உருளாதிருக்க இருபுறமும் சிறிது களிமண் இடலாம். பென்சிலிலிருந்து 2 அங்குலத்தில் ஒரே வகையான இரண்டு நாணயங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்குங்கள். மறுபுறத்தில் அதே வகை நாணயம் ஒன்றை எங்கே வைத்தால் அடிமட்டம் சமநிலையடையும்?

வைக்குமுன்னரே விடையைச் சொல்லிவிடவேண்டும். இதுவே முக்கியம். "ஒன்று எப்படி இரண்டைத் தாங்கும்?" என்று கேட்கும் பிள்ளையைப் பெற்றோர் உடனே திருத்தலாகாது. நாணயம் 4 அங்குலத்துக்கு வந்ததும் அடிமட்டமே திருத்திவிடும். இன்னும் சற்று நகர்த்தினால் அப்பக்கம் சாயும். இருபக்கத் திருப்பமும் ஒத்திருந்தால் ஓய்வு. ஒன்று மிஞ்சினால் அசைவு. (தூரத்தை நாணயத்தின் நடுவிலிருந்து அளக்கவேண்டும். விளிம்பிலிருந்து அளந்துவிட்டு விதியே பிழை என்பாரும் உளர்!)

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே சிரக்கூசு நகரத்து ஆக்கிமிடீசு இவ்விதியை நிறுவினார். நம் மாணவர் அதனை வாய்பாடாக மூச்சுவிடாமல் ஒப்புவிப்பர். பரீட்சையில் புள்ளியும் பெறுவர். நாணயத்தைக் கையிலே கொடுத்தால் திகைப்பர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே பயின்று வெளிவரும் இளம் ஆசிரியர்கள் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் இந்த நாணயத்தைப் பிள்ளையின் கையிலே கொடுப்பார்களாயின் எவ்வளவு நன்று! ஆய்வுகூடம் வேண்டியதில்லை, செலவுமில்லை.

அடுத்த ஞாயிறு வரை ஒரு வேலை: 1 அங்குலத்தில் மூன்று நாணயங்கள் இருக்கின்றன. மறுபுறம் இரண்டை எங்கே அடுக்குவீர்கள்? முதலில் சொல்லுங்கள், பிறகு வையுங்கள்.