சின்னப் பிள்ளை என்றால் சுகப்பிரசவமா?



இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் கர்ப்பிணிப் பெண்களோடு பேசும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "நெறைய சாப்புட்டா புள்ள பெருத்துப் போகும் மிஸ், பெக்குறதுக்குச் செரமம்" என்பார்கள். மாமியார் சொல்வார், பக்கத்துக் காம்பரா ஆச்சியும் சொல்வார். அன்பினால் சொல்வதுதான். வைத்தியசாலைக்குப் போக வழியில்லாமல் லயத்திலேயே பிள்ளை பெற்ற காலத்துப் பயம் அது.

பிரசவம் சிக்கலாவதற்குத் தாயின் இடுப்பு அமைப்பு, பிள்ளை கிடக்கும் விதம் என்று பல காரணங்கள் உண்டு. வயிற்றைக் காயப்போடுவதால் இவை சரியாகிவிடாது. தாயின் பலமும் பிள்ளையின் நிறையும்தான் குறையும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளையை நிறை குறைந்த பிள்ளை என்கிறோம். அதன் உடம்பில் சூடு தங்காது. பாலை இழுத்துக் குடிக்கத் தெம்பிருக்காது. சளி, காய்ச்சல் இலகுவில் தொற்றும். வளர்ந்த பிறகு சீனி வருத்தம், இருதய வருத்தம் வரும் வாய்ப்பும் கூடுதல். நாடு முழுவதும் 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளை இப்படிப் பிறந்தது. தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ நான்கில் ஒன்று.

ஏன் தோட்டத்தில் மட்டும் இவ்வளவு? தாயே சிறுத்து வளர்ந்தவள் என்பது ஒரு காரணம். 1977, 1981, 1983 வன்செயல்களில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அங்கும் யுத்தம் துரத்தியது. இடம்பெயர்ந்து, முகாமில் அரைவயிற்றோடு வளர்ந்த பெண் பிள்ளைகள் பிறகு தாய்மாரானார்கள். உயரம் 145 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தாயைக் கிளினிக்கில் தனியாகக் கவனிப்பதும் இதனால்தான். சின்ன வயதுப் பசி ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடுவதில்லை.

ஆனால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். ஒல்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தால் பெரும் பஞ்சம் வந்தது. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் குறைந்து பிறந்தன. உணவு திரும்பக் கிடைத்ததும் பிறப்பு நிறை விரைவிலேயே பழைய நிலைக்கு ஏறியது. அதாவது, ஆறாம் ஏழாம் மாதத்தில் சாப்பிடத் தொடங்கினாலும் பிரயோசனம் உண்டு.

எவ்வளவு கூட வேண்டும்? முதல் கிளினிக்கில் உங்கள் உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். மெலிந்த தாய் பத்து மாதத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். அளவான உடம்புக்கு 11.5 முதல் 16. ஏற்கெனவே பருமனான தாய்க்கு இது மிகவும் குறையும். அவர் கூடுதலாக ஏறினால் சீனியும் பிறஷரும் வரலாம். மெலிந்த தாய்க்கு நாலாம் மாதத்திலிருந்து மாதம் இரண்டு கிலோ ஏறுவது நல்லது. இந்தக் கோடு உங்கள் கர்ப்பவதி அட்டையிலேயே இருக்கிறது. "என் கோடு எது, நான் அதில் எங்கே நிற்கிறேன்?" என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அட்டை உங்களுடையது.

அடுத்தது, வீட்டில் சாப்பாடு யாருக்கு என்ற விஷயம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதைத்தான் கர்ப்பிணி சாப்பிடுகிறாள். திரிபோஷா கிடைக்கும் மாதங்களில் 750 கிராம் பைக்கற்று இரண்டு, ஒரு நாளைக்கு 50 கிராம் வீதம் அவளுக்கென்று கணக்குப் பண்ணிக் கொடுப்பது. அதை உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் ஒரு கிழமையில் முடிந்துவிடும். பிள்ளைகள் கேட்டுக் கை நீட்டும்போது எந்தத் தாயால் மறைத்து வைக்க முடியும்? இதைத் தாயிடம் மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. கணவரிடமும் மாமியாரிடமும் சேர்த்துத்தான் நான் சொல்கிறேன்.

கடையில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. நம் பக்கத்தில் பலாவுக்குக் குறையில்லை. பலாக்காய்க் கறி, அவித்த பலாக்கொட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, நெத்தலிக் கருவாடு, முடிந்த நாளில் ஒரு முட்டை. காலையில் வெறும் ரொட்டியும் பிளேன்டீயுமாக மலைக்கு ஏறுவது போதாது. சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். புகையிலை சேர்த்த வெற்றிலையை முற்றாக விடுங்கள், பசியை மறைப்பதும் பிள்ளையைச் சிறுக்க வைப்பதும் அதுதான்.

பால் வெட்டப் போகிறவர்களும் கொழுந்துக்குப் போகிறவர்களும் "கிளினிக் போனா ஒரு பேர் போயிரும்" என்கிறார்கள். அது உண்மையான கஷ்டம். அதற்காக நிறை பார்க்காமல் இரண்டு மாதம் விட்டுவிட்டால், குறைவதை யாரும் காண மாட்டார்கள். பெரட்டில் கங்காணியிடம் முன்கூட்டியே கிளினிக் நாளைச் சொல்லி வையுங்கள். ஒரே லயத்தில் இரண்டு மூன்று கர்ப்பிணிகள் இருந்தால் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு கிழமைக்குள் திடீரென நிறை ஏறி, முகமும் கையும் வீங்கி, தலையிடியோ கண் மங்கலோ வந்தால் அது சதை போடுவதல்ல. கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல், அன்றைக்கே அட்டையையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.