மைக் வாங்கும் முன் கை தட்டிப் பாருங்கள்

"சார், இருபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த மைக் வாங்கலாம்?" வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறார்கள். வாய்ப்புத் தேடும் பாடகர்கள், ஒலிப்புத்தகம் வாசிப்பவர்கள், யூடியூபில் கதை சொல்பவர்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பணத்தை அப்படியே வைத்திருங்கள். வீட்டுக்குப் போய், பதிவு செய்யும் அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள்.

ஓசை உடனே அடங்காது. நம் வீடுகள் கட்டப்படும் விதம் அப்படி. நாற்புறமும் சிமென்ட் பூசிய சுவர், மேலே கான்கிரீட், கீழே வழுவழுப்பான டைல்ஸ். பத்துக்குப் பத்து அறையில் தட்டிய ஓசை எதிரெதிர்ச் சுவர்களில் மாறி மாறி மோதி, 'ட்ரிங்' என்ற அதிர்வோடு அடங்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் பாய்கிறது. பத்தடி அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவரைத் தொட்டுத் திரும்ப அதற்கு 20 மில்லி நொடிகூட ஆகாது. அவ்வளவு சீக்கிரம் திரும்புவதால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிப்பதில்லை. குரலோடு ஒட்டிக்கொண்டு, குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆக்கிவிடுகிறது. பதிவாகிவிட்டால், குரலைக் கெடுக்காமல் அதை முழுவதும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கைப்பணம் முழுவதையும் போட்டு ஒரு கண்டென்சர் மைக் வாங்கினார். ஒலிப்புத்தக வாசிப்புக்காக அனுப்பிய மாதிரிப் பதிவு, இரைச்சல் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டது. மனமுடைந்து என்னை அழைத்தார். போய்ப் பார்த்தேன். கூடத்து மேசையில் மைக், இரண்டடி தள்ளி நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி, சுவருக்கு அந்தப்புறம் ஃபிரிட்ஜ். கண்டென்சர் மைக் நுட்பமானது. அவருடைய குரலோடு வீட்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

படுக்கையறைக்கு மாறினோம். சேலைகள் அடுக்கிய மர அலமாரியை அகலத் திறந்து வைத்தேன். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பக்கவாட்டுச் சுவரில் சாய்த்தேன். கொடி கட்டி, இரண்டாக மடித்த ஜமுக்காளத்தை அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். பலர் தவறவிடும் இடம் இதுதான். அந்த மைக் முன்பக்கம்தான் அதிகம் கேட்கும். அதன் பார்வையில் இருப்பது பேசுபவரும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரும். துணி முதலில் வேண்டியது அங்கே. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கினால் இன்னும் நல்லது.

அடுத்து மைக்கை அரையடிக்குக் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். இரண்டடி அரையடியானபோது 12 டெசிபல் லாபம். அறையின் இரைச்சல் மட்டும் இருந்த அளவிலேயே நின்றுவிட்டது. அதே பக்கத்தை மறுபடி வாசித்தார். ஹெட்போனில் கேட்டவர், "இது என் குரல்தானா சார்?" என்றார். செலவு, கொடிக்கயிறும் இரண்டு கொக்கிகளும்தான்.

முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டாதீர்கள். மெல்லிய ஃபோமும் வேண்டாம். அது கீச்சொலியை மட்டும் விழுங்கிவிட்டு, கீழ் ஒலிகளை அப்படியே விட்டுவிடும், குரல் மந்தமாகும்.

அறை சரியான பிறகு முதல் செலவு, காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போன். பிழை காதில் விழாமல் திருத்த முடியாது. அடுத்ததுதான் மைக். சத்தமுள்ள தெருவில் குடியிருப்பவர்களுக்கு, கண்டென்சர் அளவுக்கு நுட்பமில்லாத டைனமிக் மைக்கே என் சிபாரிசு. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் உழைக்கிறது. அதற்குப் போலிகள் ஏராளம், ரசீதில்லாமல் வாங்காதீர்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பில் குரலுக்குப் பயன்பட்ட எஸ்எம்7கூட டைனமிக் வகைதான். கடலோர ஊர்களில் கண்டென்சர் வைத்திருப்பவர்கள் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஈரக்காற்று அதற்கு ஆகாது.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸை மாற்றும் யோசனை கடைசியில் வரட்டும். சாதாரண விலையில் கிடைப்பவைகூட இன்று 24 பிட்டில் பதிகின்றன. நம் வீட்டு அறையின் அமைதி அந்தத் தரத்தைத் தொடவே தொடாது. பதிவில் 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் கோளாறு மின்சாரத்திலோ எர்த்திலோ இருக்கிறது. கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை.

லாஸ் ஏஞ்சலிஸில் பாடகி பில்லி ஐலிஷும் அவர் அண்ணனும் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்த முதல் ஆல்பம்தான் 2020இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. அப்படியிருக்க, விலைப்பட்டியலைக் காட்டி இளைஞர்களைக் கடனாளியாக்கும் விமர்சனக் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்த வாரம் எதுவும் வாங்காதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, அலமாரியைத் திறந்துவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, இருக்கிற மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து ஒரு பாட்டைப் பதிந்து கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த மைக் என்று அப்புறம் பேசுவோம்.

கட்டுரையாளர்: ஒலிப்பதிவுப் பொறியாளர்.