இரட்டை ஸ்ட்ரோலரும் இடுப்பு மகாத்மியமும்

இரண்டு கைக்குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். முதலில் கிடைப்பது பதிலல்ல, ஒரு புன்னகை. அடுத்து ஒரு சிறு சொற்பொழிவு. தாயின் இடுப்பு, பாட்டியின் தோள், உத்தரத்தில் பழஞ்சேலையால் கட்டிய தூளி என்று தொடங்கி, மேற்கத்தியத் தனிமனிதவாதம் குழந்தையை உடலிலிருந்து பிய்த்தெடுத்துச் சக்கரத்தின்மேல் ஏற்றிவிட்டது என்பதில் அது முடியும். இதை 'இடுப்பு மகாத்மியம்' என்றே அழைக்க விரும்புகிறேன். நம் சிற்றிதழ்ச் சூழலில் இதற்கு நல்ல செல்வாக்கு உண்டு. நாட்டுப்புறவியல், பின்காலனியம், சூழலியல் என்று எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் கடைசியில் இந்த முற்றத்தில்தான் வந்து அமர்கிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

மகாத்மியத்தில் இடுப்பு உண்டு. இடுப்புக்கு உரியவர் மட்டும் இல்லை. ஒரு வயது நிரம்பிய குழந்தையின் எடை ஏறத்தாழ 9 கிலோ. இரட்டையர் என்றால் 18. அதனுடன் பால் புட்டி, மாற்றுத் துணி, தண்ணீர் அடங்கிய பை. இந்தச் சுமையோடு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, இன்னொரு பேருந்தின் உயரமான படியில் ஏறுகிறவர் கட்டுரையாசிரியர் அல்லர். அவர் சன்னலோரத்தில் அமர்ந்து அந்தக் காட்சியின் அழகில் தோய்ந்துகொண்டிருக்கிறார். தமிழில் இடுப்பைப் பற்றி உருகி எழுதிய ஆண்களில் எத்தனை பேர் தம் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அரைப் பர்லாங்கு நடந்திருப்பார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல என்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

தாயின் இடுப்பும் அல்ல, பல வீடுகளில் அது அக்காளின் இடுப்பு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும். தாய் தறியில் நிற்க, எட்டு வயதுச் சிறுமி தன் எடையில் பாதியிருக்கும் தம்பியை ஒருபக்கம் ஒருக்களித்துச் சுமந்தபடி சந்து முனையில் நின்ற காலம் ஒன்று உண்டு. அவள் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அந்தத் தம்பியும் ஒரு காரணம். புகைப்படக் கலைஞர்களுக்கு அது அருமையான சட்டகம். அவளுடைய முதுகெலும்பு எப்படி வளர்ந்தது என்று அந்தப் படங்களுக்கு அடியில் எவரும் எழுதவில்லை.

தொட்டில் என்ற சொல்லையும் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கொஞ்சம் எச்சரிக்கையாகவே எழுத வேண்டும். பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அது முதலில் தொடங்கப்பட்ட இடம் சேலம் மாவட்டம். நாமக்கல் அப்போது சேலத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1997-இல். வேண்டாத பெண் மகவைக் கொல்லாதீர்கள், இங்கே விட்டுச் செல்லுங்கள் என்று அரசாங்கம் தொட்டில் வைத்துக் காத்திருந்த மண் இது. இந்த மண்ணின் தாய்மையை, மடியின் வெப்பத்தை, காலங்காலமான அரவணைப்பை முழுமையானதொரு பொற்காலமாக எழுதிச் செல்ல எனக்குக் கை வரவில்லை. அரவணைப்பு இருந்தது. எல்லோருக்கும் இருக்கவில்லை.

சக்கரம் அந்நியமானது என்பது அடுத்த வாதம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குரிய இறுதிப் பருவம் சிறுதேர். நேற்றுவரை எல்லா வீட்டிலும் ஆசாரி செய்த நடைவண்டி இருந்தது. (அங்கெல்லாம் குழந்தை தேரை உருட்டுகிறது, தேர் குழந்தையை உருட்டவில்லையே என்று ஒரு புலவர் எழுந்து நிற்பார். நியாயமான ஆட்சேபம்தான். குழந்தைக்கும் சக்கரத்துக்கும் நம்மிடம் பகை இருந்ததில்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு நேர்மையான வேர் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1733-இல் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் செய்த வண்டியைத்தான் இதன் மூதாதையாகச் சொல்கிறார்கள். அதை ஆடோ மட்டக்குதிரையோ இழுக்க வேண்டும். பிரபுக்களின் விளையாட்டுப் பொருள். பிறகு அது வெள்ளைக்காரத் துரைமாரின் பிராம் ஆகி மலைவாசத் தலங்களில் உலா வந்தபோது அதைத் தள்ளியவர்கள் நம் ஊர் ஆயாக்கள். தன் பிள்ளையைச் சேரியிலோ கிராமத்திலோ விட்டுவிட்டு வந்து, பிறர் பிள்ளையைத் தள்ளிய பெண்ணின் நினைவில் அந்த வண்டிக்குக் கசப்பு இருக்கத்தான் செய்யும்.

அந்த வரலாறு 1965-இல் திசை மாறிற்று. ஓவன் மெக்லாரன் என்னும் ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பை வடிவமைத்தவர், அலுமினியக் குழாய்களால் குடைபோல மடங்கும் ஒரு வண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஆயா தேவையில்லை; கோமகன் தேவையில்லை; மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறலாம். நம் விமர்சகர்கள் இன்னும் கென்ட்டின் வண்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மெக்லாரனின் வண்டி வந்துசேர்ந்த செய்தி அவர்களை எட்டவில்லை.

இரட்டை வண்டிக்கான தேவை இங்கே கற்பனையானதும் அல்ல. திருச்செங்கோட்டுப் பின்னணியில் குழந்தையற்ற தம்பதியின் வேதனையைச் சொன்ன பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. பிள்ளையில்லாதவரை இந்தச் சமூகம் எப்படி வதைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இன்று அதே வதைக்கு அஞ்சித் தம்பதியர் போவது கருத்தரிப்பு மையங்களுக்கு. சேலத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் அவற்றின் விளம்பரப் பலகைகள் நம்மோடு வருகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைக்கும்போது இரட்டைப் பிறப்புகள் கூடுகின்றன என்பது மருத்துவம் அறிந்த செய்தி. பிள்ளை பெறு, பெறு என்று பத்தாண்டுகள் நெருக்கிய ஊர், இரண்டாகப் பெற்றுவிட்டவளிடம், இடுப்பில் தூக்கிக்கொள், அதுதான் நம் பண்பாடு என்கிறது.

சரி, எதை வாங்குவது? இந்தக் கேள்விக்கு நம்மிடையே எழுதப்படும் பரிந்துரைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கதவுகளையும் அமெரிக்க நடைபாதைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவற்றின் நிழல்கள். நம் தரைக்கு வேறு கணக்கு. இரட்டை வண்டிகள் இருவகை. இருக்கைகள் பக்கம் பக்கமாக அமைந்தது ஒன்று. முன்பின்னாக அமைந்தது மற்றொன்று. பக்கவாட்டு வண்டியின் அகலம் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. மூன்றடி நிலைக்குள் அது நுழையும். இரண்டரை அடி நிலைக்குள் நிச்சயமாக நுழையாது, ஏனென்றால் சட்டத்தின் கனத்தைக் கழித்தால் உள்ளே கிடைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. ஆகவே கடைக்குப் போகுமுன் அளவு நாடாவைக் கொண்டு வீட்டு நிலையை, கேட்டை, அடுக்ககமாயின் மின்தூக்கியின் வாயிலை அளந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் குறுகலான முன்பின் வண்டிதானே நம் சந்துகளுக்குப் பொருத்தம் என்று தோன்றும். தோன்றுவது தவறு. அதன் நீளம் அதிகம். செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் அதைத் திருப்புவது லாரியைத் திருப்புவது போலத்தான். முன்னிருக்கைக் குழந்தையின் பாரம் கைப்பிடியிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், ஒரு படியில் ஏற்றுவதற்குக் கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்குவது வலுவான கைகளுக்கே சிரமம். நம் ஊரில் ஐம்பதடிக்கு ஒரு படி, ஒரு சாக்கடைப் பலகை, ஒரு வேகத்தடை. பின்னால் அமரும் குழந்தைக்கோ அண்ணனின் முதுகைத் தவிர உலகமே கிடையாது.

சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கும் மடக்கு வண்டிகளின் சக்கர விட்டம் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் அளவு. தன் ஆரத்தைவிட உயரமான தடையில் எந்தச் சக்கரமும் நேராகத் தள்ளினால் ஏறாது. இது பள்ளிக்கூட இயற்பியல். ஏழரை சென்டிமீட்டர் மேட்டில் அந்த வண்டி நின்றுவிடும், பின்னால் வருபவர் ஒலிப்பானை அழுத்துவார். பெரிய சக்கரம் உள்ளவை ஏறும். ஆனால் அவற்றின் எடை பன்னிரண்டு, பதினைந்து கிலோ என்று போகிறது, மடக்கினாலும் ஆட்டோவில் இடம் அடைக்கும்.

என் தீர்ப்பு இது. இந்தச் சமவெளியில் வாழ்பவருக்கு ஒரே சட்டகத்தில் வார்த்த இரட்டை வண்டி வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு இலகுவான ஒற்றை வண்டிகளும் அவற்றைப் பக்கவாட்டில் இணைக்கும் கொக்கிகளும் போதும். அந்தக் கொக்கிகள் தனியே விற்கின்றன. வண்டியின் குழாய்க் கனத்துக்குப் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். அகன்ற இடத்தில் இணைத்துத் தள்ளலாம். குறுகிய இடத்தில் கழற்றி ஆளுக்கொன்று பிடிக்கலாம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மற்றதை வீட்டில் விட்டு ஒற்றை வண்டியோடு மருத்துவரிடம் போகலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இருக்கை ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சாய வேண்டும், இல்லையேல் வாங்காதீர்கள். தோளையும் இடையையும் கால்களுக்கு நடுவையும் பிணைக்கும் ஐந்து முனை வார் இருக்க வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டால் வண்டி பின்னால் சாயும். நம்மவர்களால் இதை மட்டும் செய்யாமல் இருக்க முடிவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த வண்டியை எங்கே தள்ளுவது என்ற கேள்வி நிற்கிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் லாரியின் அடிச்சட்டத்தின்மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரத்தை ஏற்றி இந்தியாவெங்கும் அனுப்புகிறார்கள். எந்தப் பாறை நிலத்திலும் போகக்கூடிய வண்டியைப் பட்டறையில் ஆக்கித் தரும் அறிவு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. சேலம் ஐந்து ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இரண்டடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறக்கப்பட்டது. சக்கரங்களால் பிழைக்கும் இந்தப் பூமியில் 15 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு மட்டும் வழியில்லை என்றால் அது தொழில்நுட்பத்தின் போதாமை அல்ல. லாரி சுமப்பதற்கு வாடகை உண்டு. பெண் சுமப்பதற்கு வாடகை இல்லை. வாடகை இல்லாத சுமைக்கு எவரும் சாலை போடுவதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதன் விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்திய சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. நடைபாதை, உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. நம் கடைவீதிகளிலோ நடைபாதை என்பது ஒரு கடையின் படிக்கட்டுக்கும் அடுத்த கடையின் படிக்கட்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் பள்ளம். மாலையில் அங்கே உரிமையோடு நிற்கும் ஒரே தள்ளுவண்டி தட்டுவடை செட் விற்பவருடையது. அவர்மீது எனக்குக் குறையில்லை. அவரும் தினந்தோறும் அந்த விளிம்பில் வண்டியை ஏற்ற இருவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஸ்ட்ரோலர் மேல்தட்டு மக்களின் பிரச்சினை என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அந்தச் சாய்தளம் போடப்பட்டால் அதில் முதலில் ஏறுவது சக்கர நாற்காலிக்காரர், அடுத்து முட்டி தேய்ந்த மூதாட்டி, அடுத்து தட்டுவடை செட் வண்டி, அதற்குப் பின்னால்தான் ஸ்ட்ரோலர். வண்டி குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் என்பார்கள். எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறக்கும் சிசுக்களை மார்போடு தோல் பட அணைத்து வைத்திருக்க உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது, இரட்டையரில் பலர் அப்படிப் பிறப்பவர்கள். அந்த அணைப்பு மணிக்கணக்காக நிகழ வேண்டியது. தந்தையின் மார்பும் அதற்குப் போதும். பேருந்து நிலையத்து வெயிலில் பதினெட்டுக் கிலோவைச் சுமப்பது அதே அணைப்பின் இன்னொரு பெயரல்ல.

15 சென்டிமீட்டர் விளிம்பில் ஏற, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுக்கும்போது இந்த அளவுகளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வண்டிகள் இரண்டு என்றேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளின் உச்சியில் உடலில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவரைக் கும்பிடுகிற திருச்செங்கோட்டுக்காரர்கள், அவற்றில் ஒன்றை யார் தள்ளுவது என்று என்னிடம் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.